போஸ்ட்டொக் விண்ணப்பம்: 'பைத்தன் தெரியும்' என்று எழுதினால் போதாது

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் போன மாதம் ஒரு தம்பி மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தார். கடல் நீரோட்டங்களைக் கணினி மாதிரிகளில் ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஐரோப்பாவில் ஆறு போஸ்ட்டொக் வேலைகளுக்கு, அதாவது கலாநிதிப் பட்டத்துக்குப் பின் செய்யும் ஆய்வு வேலைகளுக்கு, விண்ணப்பித்தும் ஒன்றிலிருந்துகூட நேர்முகத்துக்கு அழைப்பு வரவில்லை. சுயவிவரத்தை வாங்கிப் பார்த்தேன். 'பைத்தன், ஆர், மட்லப், லினக்ஸ், இயந்திரக் கற்றல்' என்று கணினித் திறன்களை ஒரே வரியில் அடுக்கியிருந்தார். சந்தைக்குக் கொண்டுபோகும் துண்டுச்சீட்டுத்தான் நினைவுக்கு வந்தது.

அந்த வரி எல்லோரிடமும் இருக்கிறது. அதைக்கொண்டு என்ன செய்தீர்கள் என்பதைத்தான் தேர்வுக் குழு பார்க்கிறது. வாயைக் கிளறினால் தம்பியிடம் கதை நிறைய இருந்தது. பல வருடப் பருவக்காற்றுத் தரவை ஒரேயடியாக நினைவகத்தில் ஏற்றப்போய்க் கணினி திணறியதாம். கோப்புகளைத் துண்டுதுண்டாகப் படிக்கும்படி நிரலை மாற்றி, நாள் முழுக்க ஓடிய கணக்கை இரண்டு மணிநேரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். விண்ணப்பத்தில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. "இதையெல்லாம் எழுதலாமா அண்ணா?" என்று கேட்டார். இதைத்தான் எழுத வேண்டும்.

அடுத்து, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் அவருடைய முகவரி. கொடுத்தது நல்லது; கொடுக்குமுன் அங்கே கூட்டித் துடைத்திருக்கலாம். 'இறுதி', 'இறுதி2', 'உண்மையான இறுதி' என்று கோப்புகள். நிரலின் தொடக்கமே தரவை அவருடைய டி டிரைவிலிருந்து எடுக்கச் சொல்கிறது. என் கணினியில் அப்படி ஒரு டிரைவே இல்லை, ஓடவில்லை. பேராசிரியர் ஒருவர் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினாலே பெரிது. எந்த நிரல் நூலகத்தின் எந்தப் பதிப்பு வேண்டும், எந்தக் கோப்பை முதலில் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் ஒரு ரீட்மீ குறிப்பு, கூடவே சிறிய மாதிரித் தரவு: இவ்வளவு இருந்தால் போதும். பத்துக் குப்பைக் கோப்புறைகளைவிட இன்னொருவர் கணினியிலும் ஓடும் ஒன்று மேல். நண்பர் ஒருவரிடம் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதிய நிரலைத் தன்னுடையதாகக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். திரையைப் பகிரச் சொல்லி 'இந்த வரி ஏன்?' என்று கேட்டால் அங்கேயே சாயம் வெளுத்துவிடும்.

வேலை வேறு, புலமைப்பரிசில் வேறு. திட்டம் முன்பே முடிவான வேலைக்குப் புதிய ஆய்வு முன்மொழிவு எழுதி அனுப்புவது வீண். ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி கியூரி போன்ற புலமைப்பரிசிலுக்கோ முன்மொழிவுதான் உயிர். அதற்குக் குடியிருப்பு விதி ஒன்றும் உண்டு: காலக்கெடுவுக்கு முந்திய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் நீங்கள் போகவிருக்கும் நாட்டில் வசித்திருக்கக் கூடாது. அந்த நாட்டிலேயே பட்டம் முடித்து அண்மையில் ஊர் திரும்பியவர்கள் இதைப் பாராமல் மாதக்கணக்கில் உழைத்து ஏமாறுகிறார்கள்.

சிபாரிசுக் கடிதத்துக்கு மேற்பார்வையாளரை இரண்டு நாளுக்கு முன் நெருக்காதீர்கள். மூன்று வாரமாவது கொடுங்கள். காலக்கெடு பிரசெல்ஸ் நேரப்படி மாலை 5 மணி என்றால் செப்டெம்பரில் நமக்கு இரவு 8.30. அந்த நேரத்தில் பதிவேற்றத்துக்காகத் திரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். முதல் நாளே அனுப்பிவிட்டு டச்பே கடற்கரைப் பக்கம் காற்று வாங்கப் போகலாம்.