தலைக்கு மேல் பைப், காலுக்குக் கீழே சரிவு

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலை ஃபேக்டரிகளில் கூரையை ஒட்டி ஸ்டீம் லைனோ தீயணைப்பு லைனோ போடும்போது, எங்களுக்குச் சிசர் லிஃப்ட் (கத்தரிபோல் விரிந்து ஆளை மேலே தூக்கும் மேடை) கோயம்புத்தூரிலிருந்து வாடகைக்கு வரும். 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து இறங்கியதுமே நாள் வாடகை ஓட ஆரம்பித்துவிடும். பாதித் தவறுகள் அந்த அவசரத்தில் நடப்பவைதான்.

பைப்பை லிஃப்டின் கைப்பிடிக் கம்பி மேல் குறுக்கே போட்டு ஏற்றுவது அதில் முதலாவது. நானும் செய்திருக்கிறேன். கணக்கு போட்டுப் பாருங்கள்: 4 இன்ச் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், நடுத்தர கனம் (மீடியம் கிளாஸ்), மீட்டருக்கு 12 கிலோ சொச்சம். ஒரு 6 மீட்டர் லெங்த் சுமார் 73 கிலோ. ஃபிட்டரும் ஹெல்பரும் சேர்ந்து 150. கருவிப் பை 20. மொத்தம் 243. சின்ன எலெக்ட்ரிக் லிஃப்ட் தாங்குவது பெரும்பாலும் 230 கிலோதான், அதுவும் நிற்கும் தளத்துக்குச் சொன்ன கணக்கு. கம்பி அதற்காகச் செய்ததல்ல. நீட்டிக்கொண்டிருக்கும் முனை ஏறும்போது கூரையைத் தாங்கும் சட்டமான டிரஸ்ஸில் மாட்டினால் லிஃப்டே சாயும். ஆள் ஏற லிஃப்ட், பைப் ஏற செயின் பிளாக் (சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கருவி) என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

சரி, செயின் பிளாக்கை எதில் தொங்கவிடுவது? "பத்து வருஷமா அசையாம இருக்கே" என்று பழைய பைப் லைனில் மாட்டுவார்கள். அதன் சப்போர்ட் அந்த பைப்பையும் அதற்குள் ஓடும் தண்ணீரையும் தாங்கப் போட்டது. கூரைத் தகடு உட்கார்ந்திருக்கும் பர்லினும் வேண்டாம். எந்த இடத்தில் மாட்டலாம் என்று கட்டடத்தைத் தெரிந்த இன்ஜினியர் காட்டட்டும்.

பைப்பைத் தூக்க அதைச் சுற்றிப் பெல்ட் கட்டுவதில்தான் எனக்குப் பாடம் கிடைத்தது. பனி விலகாத ஒரு காலை, பைப் முழுக்க ஈரம். நடுவில் ஒரே சுற்று போட்டுத் தூக்கினோம். பைப் தராசுக் கோல் போல ஒரு பக்கம் தாழ்ந்தது, வழுக்கியது, தேயிலை உலர்த்தும் டிரையர் மேல் போய் இடித்தது. டீ நேரம் என்பதால் கீழே ஆள் இல்லை. அன்றிலிருந்து இரண்டு இடத்தில் கட்டு, ஒவ்வொன்றிலும் இரட்டைச் சுற்று, முனையில் பிடித்துத் திருப்ப ஒரு கயிறு. இரண்டு இடத்தில் கட்டினாலும் பெல்ட் ரொம்பப் படுத்துவிடக் கூடாது. கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரி இருந்தால் பெல்ட்டின் ஒவ்வொரு காலிலும் (கட்டிலிருந்து கொக்கிக்குப் போகும் பக்கம்) எடையில் 58 சதவீதம் விழும். 30 டிகிரிக்குப் படுத்தால் ஒவ்வொரு காலும் முழு எடையையும் இழுக்கும்.

அடுத்து தரை. சின்ன லிஃப்டே ஒன்றேகால், ஒன்றரை டன் இருக்கும், அத்தனையும் நான்கு சக்கரத்தில். மாடியில் இலை வாட்டும் தளம் மரப்பலகையாக இருந்தால் அங்கே சாரம்தான் கட்ட வேண்டும். வெளியே முற்றத்தில் வேறு தொல்லை. பல லிஃப்டுகள் பக்கவாட்டில் ஒன்றரை டிகிரிக்கு மேல் சாய்ந்தால் அலாரம் அடிக்கும். அது மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் சரிவுதான், மலையில் நம் கண்ணுக்கு அது சமதளம். அலாரத்தை அடக்க சக்கரத்துக்கடியில் பலகைத் துண்டு செருகுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் முட்டாள்தனம் இல்லை. காற்றையும் பாருங்கள்: சில லிஃப்டுகளின் தகட்டில் காற்றுவேகம் 0 என்றே இருக்கும், அதாவது கட்டடத்துக்குள் மட்டும். திறந்த தாழ்வாரமும் வெளிதான்.

நீங்கள் உடம்பில் கட்டும் பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியை லிஃப்டில் அதற்கென்று உள்ள வளையத்தில் மாட்டுங்கள். டிரஸ்ஸில் மாட்டினால், லிஃப்ட் இறங்கும்போது நீங்கள் தொங்குவீர்கள்.

கடைசியாக, அவசரத்துக்கு இறக்கும் பிடி. குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்து லிஃப்ட் மேலேயே நின்றுவிட்டால், கீழே இருப்பவர்தான் அதை இழுக்க வேண்டும். காலையில் ஏறுவதற்கு முன் கீழே நிற்கப்போகிற பையனிடம் "இழுத்துக் காட்டு தம்பி" என்பேன். அவன் தேடினால், அன்றைக்கு வேலை பத்து நிமிடம் தள்ளித்தான் தொடங்கும்.