கீசரும் ஸ்க்ரூடிரைவரும்

கோத்தகிரியில் நவம்பர் மழை பிடித்ததும் எங்கள் வீட்டு ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், அடிக்கடி விழத் தொடங்கியது. எலெக்ட்ரீஷியனை அழைத்தேன். “சார் இல்லையா? அவரிடம் கொடுங்கள்” என்றார். சார் கோயம்புத்தூரில். “சனிக்கிழமை அவன் வரட்டும், நீ கை வைக்காதே” என்றார் அத்தை. இந்தக் குளிரில் அதுவரை யார் பச்சைத் தண்ணீரில் குளிப்பது?

மிக்சி, கிரைண்டர், கீசர் எல்லாம் நாள்தோறும் என் கையில். ஸ்க்ரூடிரைவர் மட்டும் அவர் அலமாரியில்!

30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும் கருவி அது. சுவிட்சை அணைத்தால் போதாது, மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் வழியாகவும் கசியலாம். எல்லா பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகினேன். மழையில் நனைந்த மோட்டார் மீதுதான் எனக்குச் சந்தேகம். ஆனால் கீசரைப் போட்டதும் விழுந்தது. பிளக்கைப் பிடுங்கி, வால்வை மூடி, தொட்டியை வடித்து, ஹீட்டிங் காயிலைக் கழற்றினேன். உறையில் மயிரிழை வெடிப்பு. பழையதையே கடையில் காட்டி அதே அளவில் புதியதும் ரப்பர் வாஷரும் வாங்கினேன். எர்த் வயரை மறக்காமல் இணைத்து, தொட்டி நிரம்பிய பிறகே சுவிட்சைப் போட்டேன்.

விழவில்லை. முதலில் குளித்தது அத்தைதான். சனிக்கிழமை வந்தவர் ஸ்க்ரூடிரைவரைத் தேடினார். அது இப்போது மிக்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது.