கினுவுரா துறைமுக ரயில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானின் ஐச்சி மாநிலத்தில், கினுவுரா துறைமுகத்தை ஒட்டிய தொழிற்சாலைகளுக்காக ஓடுவது கினுவுரா ரின்காய் ரயில்வே. பயணிகள் வண்டி கிடையாது, சரக்கு மட்டும்தான். இதைப் பற்றி எழுதுகிறவர்களும் பார்க்கப் போகிறவர்களும் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு.

முதலாவது, ஒரே பாதை என்று நினைத்துவிடுவது. 1975-இல் திறந்த ஹாண்டா பாதை 3.4 கி.மீ.; 1977-இல் வந்த ஹெகினான் பாதை 8.2 கி.மீ. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. ஜே.ஆர் (ஜப்பான் ரயில்வே) நிறுவனத்தின் தகேதோயோ பாதையிலிருந்து தனித்தனியாகப் பிரிந்து, துறைமுகத்தின் இரு கரைகளுக்குப் போகின்றன.

அப்புறம் பெயர்க் குழப்பம். ஹெகினான் என்று டிக்கெட் எடுத்தால் மெய்தேட்சு நிறுவனத்தின் பயணிகள் நிலையத்தில்தான் போய் இறங்குவீர்கள். சரக்கு நிலையத்தின் பெயர் ஹெகினான்ஷி. அது வேறு இடம்.

பெரிய தவறு சரக்கில்தான். ஹெகினான் பாதைக்குப் பக்கத்தில் 4,100 மெகாவாட் அனல்மின் நிலையம் இருக்கிறதே, அப்படியானால் ரயிலில் வருவது நிலக்கரி என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். நிலக்கரி கப்பலில் வருகிறது. ரயிலில் வருவது சுண்ணாம்புக்கல் பொடி. புகையிலுள்ள கந்தகத்தை அகற்ற அது தேவை. மியே மாநிலத்தில், சாங்கி ரயில்வேயின் ஹிகாஷி புஜிவாரா நிலையத்தில் ஏற்றப்படுகிறது. சரி, திரும்பும்போது வண்டி காலியா? அதுவும் இல்லை. கரி எரிந்த சாம்பலை அதே வேகன்களில் நிரப்பி, புஜிவாராவிலுள்ள சிமெண்ட் ஆலைக்கு அனுப்புகிறார்கள். சரக்கு ரயிலுக்குப் பொதுவாகப் பெரிய நஷ்டமே வெறும் வேகனை இழுத்துத் திரும்புவதுதான். இங்கே இரு பக்கமும் சுமை. இந்த ரயில்வேயில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

அதனால்தான், ‘எட்டு கிலோமீட்டர்தானே, லாரி போதாதா?’ என்ற கேள்வியும் தப்புக் கணக்காகிறது. சரக்கு வருவது பக்கத்து மாநிலத்திலிருந்து. கடைசி எட்டு கிலோமீட்டரை எடுத்துவிட்டால் நடுவழியில் பொடியை இறக்கி லாரியில் ஏற்ற வேண்டும். சாம்பலுக்கும் அதே பாடு.

தகேதோயோ பாதை 2015-இல் மின்மயமானது. அதை வைத்து இங்கேயும் மின்கம்பியைத் தேடாதீர்கள். துறைமுகப் பாதைகளில் டீசல் எஞ்சின்தான்.

படம் எடுக்கப் போகிறவர்கள் பயணிகள் கால அட்டவணையைப் புரட்டிப் பயனில்லை. சரக்கு ரயில்களுக்கென்றே ஜப்பானில் ஆண்டுதோறும் தனிப் புத்தகம் வெளியாகிறது. அதிலுள்ள நேரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம்: சரக்கு இல்லாத நாளில் வண்டியும் வராது.