ரூலருக்கு முன் ஈர்க்குச்சி

தொடக்கப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள் 8 சென்டிமீட்டர் பென்சிலை 9 என்று எழுதிக்கொண்டு வந்தாள். பென்சிலின் அடியை ரூலரில் 1 என்ற கோட்டில் வைத்திருக்கிறாள். "ஒன்னுல இருந்துதானம்மா எண்ணனும்?" என்றாள். மூன்று நாள் விளக்கியும் பலனில்லை. ரூலரை எடுத்து வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டைச் சுற்றிச் செம்பனைதான் (எண்ணெய்ப் பனை), ஈர்க்குச்சிக்குப் பஞ்சமில்லை.

முதலில் இரண்டு குச்சிகளை ஒப்பிடச் சொல்லுங்கள். பிள்ளைகள் நுனியை மட்டும்தான் பார்ப்பார்கள். மேசையில் தட்டி அடியைச் சமமாக்கப் பழக்குங்கள். 'பெரிசு' என்று சொல்லாதீர்கள். அது தடிமனையும் குறிக்கும். நீளம், குட்டை என்றே சொல்லுங்கள்.

அப்புறம், பக்கத்தில் கொண்டுவர முடியாத பொருள்கள். கதவின் அகலத்தைக் கயிற்றில் பிடித்து, அதைக் கட்டிலோடு ஒப்பிடலாம். சணல் கயிறுதான் நல்லது. கம்பளி நூல் இழுத்தால் நீளும்.

மூன்றாவது, சாண். எங்கள் மேசை எனக்கு 6 சாண், அவளுக்கு 9. "யாரு சரி?" என்று கேட்டாள். எல்லாருக்கும் பொதுவான ஓர் அளவு ஏன் வேண்டும் என்பதை அங்கேதான் சொல்ல வேண்டும். (தரையில் படுக்கவைத்து அவள் சாணாலேயே அவளை அளந்தோம். எட்டை ஒட்டி வந்தது. எண்சாண் உடம்பு என்று சும்மாவா சொன்னார்கள்!)

இனி எங்களைத் தடுக்கிவிட்ட இடம். ஈர்க்குச்சியை 5 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். நீண்ட அட்டையின் ஓரத்தில் இடைவெளி விடாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுக்குங்கள். ஒவ்வொரு துண்டும் முடியும் இடத்தில் கோடு போட்டு 1, 2, 3 என்று பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். முதல் துண்டு எங்கே தொடங்குகிறது என்று கேளுங்கள். அங்கே 0. என் மகள் அதுவரை கோடுகளை எண்ணியிருக்கிறாள். எண்ண வேண்டியது கோடுகளுக்கு நடுவில் இருக்கும் நீளத்தை. அட்டை செய்த அன்றே அவளுக்கு அது பிடிபட்டது.

சோதித்துப் பார்க்க, ரூலரில் பென்சிலை 3-இல் தொடங்கி 8-இல் முடியும்படி வையுங்கள். விடை 5 என்று வந்தால் புரிந்துவிட்டது.

பின்சேர்க்கை: தாப்பாவிலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். அவர் பிள்ளை ரூலரின் விளிம்பிலிருந்தே அளக்கிறதாம். பல ரூலர்களில் 0 விளிம்பைவிடச் சற்று உள்ளே தள்ளி இருக்கும். 0-வின் மேல் சிவப்பு மையால் கோடு போட்டுக் கொடுங்கள். தையல் நாடாவை இப்போதைக்குத் தர வேண்டாம். மறுபக்கம் அங்குலம் இருக்கும், பிள்ளை குழம்பிவிடும்.