சென்னையிலிருந்து டொராண்டோ: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

சென்னைக்கும் டொராண்டோ பியர்சன் விமான நிலையத்துக்கும் இடையே மிகக் குறுகிய வான்வழித் தூரம் ஏறக்குறைய 13,400 கிலோமீட்டர். அந்தக் கோடு மத்திய ஆசியா, ரஷ்யா என்று வடக்கே ஏறி, கிரீன்லாந்தைக் கடந்து இறங்கும். ஆனால் இந்த இரண்டு ஊருக்கும் நேரடி விமானம் கிடையாது. எங்காவது இறங்கி மாறித்தான் வர வேண்டும். அதனால் கிலோமீட்டரை விட்டுவிட்டு, வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து மொத்தம் எத்தனை மணி நேரம் என்று பாருங்கள்.

லண்டன் வழியாக வந்தால் முதல் விமானம் பதினொரு மணி நேரம் வரை, அடுத்தது சுமார் எட்டு மணி நேரம். துபாய் வழியாக வந்தால் முதலில் நாலு மணி நேரம், அப்புறம் ஒரே மூச்சில் பதினாலு மணி நேரம். இரண்டு வழியிலும் மொத்தத் தூரம் கிட்டத்தட்ட 14,000 கிலோமீட்டர்தான். கைக்குழந்தையோடும் முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடும் வருபவர்களுக்கு நான் லண்டன் வழியைத்தான் சொல்வேன். பாதியில் இறங்கிக் காலை நீட்டி நடக்கலாம். ஆனால் இடையில் மாறும் நாட்டுக்கு டிரான்சிட் விசா வேண்டுமா என்று டிக்கெட் எடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். விமானம் மாற மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். விலை குறைவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுக்கவே எடுக்காதீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

கனடாவுக்குள் இன்னொரு ஊரில் மாறி வருகிறீர்களா? குடிவரவுச் சோதனை முதலில் இறங்கும் கனடிய விமான நிலையத்திலேயே நடக்கும். மாண்ட்ரியலில் இறங்கினால் மாண்ட்ரியலில்தான். நிரந்தர வதிவிட உரிமையோடு முதல்முறை வருபவர்களுக்கு இது சாதாரண வரிசையைவிட நேரம் எடுக்கும். சுங்க அதிகாரியிடம் காட்ட, கையோடு கொண்டுவரும் பொருட்கள், பின்னால் வரப்போகிறவை என்று இரண்டு பட்டியல்கள் எழுதி, பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் வையுங்கள். நகைகளுக்குப் படமும் மதிப்பும் சேர்த்து வையுங்கள். பின்னால் வரும் பொருட்களை அன்றே அறிவிக்காவிட்டால் பிறகு வரி கட்ட நேரலாம். 10,000 கனடிய டாலரோ அதற்கு மேலோ பணம் வைத்திருந்தால் சொல்லியாக வேண்டும். சொன்னால் அதற்கு வரி எதுவும் இல்லை.

நேர வித்தியாசம் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி. ஜனவரியில் அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி 22 மணி நேரம் பயணம் செய்தால், அதே தேதி பிற்பகல் 3.30க்கு இறங்குவீர்கள். உடம்புக்கோ அப்போது நள்ளிரவு தாண்டி 2 மணி! அன்று எப்படியாவது இரவு எட்டு, ஒன்பது மணி வரை விழித்திருங்கள். முதல் சில நாட்கள் விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வரும். வேலை நேர்காணல், வீட்டு ஒப்பந்தக் கையெழுத்து இரண்டையும் அந்த வாரத்தில் வைக்காதீர்கள். சமூகக் காப்பீட்டு எண் (கனடாவில் வேலை செய்யத் தேவையான எண்), வங்கிக் கணக்கு போன்றவற்றைக் காலையிலேயே முடித்துவிடலாம்.

ஊருக்குத் திரும்பும்போது அட்லாண்டிக்கின் மேல் பின்காற்று கிடைப்பதால் லண்டன் வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம் குறையும். பெற்றோருக்கு டிக்கெட் எடுக்கும்போது இதையும் கணக்கில் வையுங்கள்.

பியர்சனிலிருந்து நகர மையமான யூனியன் நிலையத்துக்கு ரயிலில் 25 நிமிடம். நம்மவர்கள் நிறைய இருக்கும் ஸ்கார்பரோ பகுதியோ, டொராண்டோவின் மறுகோடியில் இருக்கிறது. பெட்டிகளோடு போக காரே நல்லது. அழைக்க வருபவரிடம் விமானம் இறங்கி இரண்டு மணி நேரம் கழித்து வரச் சொல்லுங்கள். குளிர்காலமென்றால் கோட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும்.