ரெண்டு ஏர்போர்ட்டுக்கு நடுவுல எவ்ளோ தூரம், எத்தனை மணி நேரம்? நாமளே கணக்கு போடலாம் வாங்க

சிங்கப்பூர் சாங்கியிலேர்ந்து நியூயார்க் ஜேஎஃப்கே போறதை எடுத்துக்குவோம், உலகத்துல ரொம்ப நீளமான நான்ஸ்டாப் ரூட்ல இதுவும் ஒண்ணு, இதுக்கு கணக்கு புரிஞ்சிடுச்சுன்னா வேற எந்த ஊருக்கும் போட்டுடலாம்.

படி 1: சரியான ஏர்போர்ட்டை பிடிங்க

ஊர் பேரை மட்டும் வச்சு தேடாதீங்க, நியூயார்க்னு போட்டா ஜேஎஃப்கே, லாகார்டியா, நெவார்க்னு மூணு வந்து நிக்கும். கம்ப்யூட்டர்ல கூகுள் மேப்ஸ் திறந்து ஏர்போர்ட் மேல ரைட் கிளிக் பண்ணா அட்சரேகை, தீர்க்கரேகை ரெண்டும் வந்துடும். சாங்கி 1.4 டிகிரி வடக்கு, 104 கிழக்கு. ஜேஎஃப்கே 40.6 வடக்கு, 73.8 மேற்கு.

படி 2: தூரம்

எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இதுதான். நாம வழக்கமா பார்க்கிற தட்டையான மேப்ல ஸ்கேல் வச்சு கோடு போட்டா இந்தியப் பெருங்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக்னு போகும், அது குறுக்கு வழியே இல்லை. ஒரு குளோப் கிடைச்சா ரெண்டு ஊரையும் தொட்டு ஒரு நூலை இழுத்துப் பிடிச்சுப் பாருங்க, நூல் நேரா வட துருவத்துக்கு ஏறிடும்! ஏன்னா 104-ஐயும் 73.8-ஐயும் கூட்டினா 177.8, கிட்டத்தட்ட 180, அதாவது துருவத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர், அந்தப் பக்கம் இன்னொரு ஊர்.

துருவம் இருக்கிறது 90 டிகிரியில, அதனால சாங்கியிலேர்ந்து துருவம் வரைக்கும் 90-ல 1.4 போக 88.6 டிகிரி, அங்கேர்ந்து ஜேஎஃப்கேக்கு இறங்க 90-ல 40.6 போக 49.4 டிகிரி, மொத்தம் 138. ஒரு டிகிரிக்கு 60 நாட்டிகல் மைல்னு பெருக்கினா 8,280, ஒரு நாட்டிகல் மைல் 1.852 கிலோமீட்டர், அதால பெருக்கினா சுமார் 15,335 கிலோமீட்டர். பேப்பர், பேனா போதும் பாருங்க. மத்த ஊர்களுக்கு இந்த சுலப வழி செட் ஆகாது, அப்போ கிரேட் சர்க்கிள் மேப்பர் சைட்ல ரெண்டு ஏர்போர்ட்டோட மூணெழுத்து கோட் (SIN, JFK மாதிரி) போட்டுடுங்க, தூரம் வந்துடும்.

படி 3: பறக்குற நேரம்

பெரிய ஜெட் மணிக்கு சுமார் 900 கிலோமீட்டர் போகும், வகுத்தா 17 மணி நேரம், ஏறி இறங்க ஒரு அரை மணி சேர்த்துக்கோங்க. ஆனா டைம்டேபிள்ல பதினெட்டரைக்கு மேல போட்டிருப்பாங்க, ஏன்னா அது கேட்டை விட்டு நகர்றதுலேர்ந்து அடுத்த கேட்ல நிக்கிற வரைக்கும் உள்ள கணக்கு, அதுபோக விமானம் அந்த நூல் வழியிலேயே போகாது, காத்தையும் வான்வெளி அனுமதியையும் பார்த்துதான் ரூட் போடுவாங்க. காத்தை லேசா நினைக்காதீங்க, மேற்குலேர்ந்து கிழக்கா உயரத்துல வேகமா அடிக்கிற ஜெட் ஸ்ட்ரீம்ங்கிற காத்து தள்ளிவிட்டதுல 2020 பிப்ரவரியில ஒரு விமானம் நியூயார்க்லேர்ந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிஷத்துல போயிடுச்சு, வழக்கமா ஆறு மணி நேரத்துக்கு மேல ஆகுற வழி அது.

படி 4: டிக்கெட்ல இருக்கிற நேரம்

டிக்கெட்ல அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும், நேரா கழிச்சுப் பார்க்கக் கூடாது. குளிர்காலத்துல சிங்கப்பூர் 13 மணி நேரம் முன்னாடி, நியூயார்க்ல மார்ச்லேர்ந்து நவம்பர் வரைக்கும் கடிகாரத்தை மாத்தி வைக்கிறதால 12. ஜனவரியில ராத்திரி 12-க்கு சாங்கியில கிளம்பி 18 மணி 45 நிமிஷம் பறந்தா அங்கே சாயங்காலம் 6:45, அதுல 13 கழிச்சா நியூயார்க்ல அதே நாள் காலைல 5:45. திரும்புறப்போ தலைகீழ், வெள்ளிக்கிழமை ராத்திரி 10-க்கு ஏறினா சிங்கப்பூர்ல இறங்குறது ஞாயித்துக்கிழமை காலைல 5:45. டிக்கெட்ல நேரத்துக்குப் பக்கத்துல சின்னதா +2 இருக்கும், அதாவது கிளம்பின தேதியிலேர்ந்து ரெண்டு நாள் கழிச்சு, கூட்டிட்டுப் போக வர்றவங்களுக்கு அந்த தேதியை சொல்லுங்க.