கண் பரிசோதனைத் துண்டில் 6/12 என்று எழுதியிருந்தால்

"6/12 எண்டால் கண் பாதி போட்டுதோ டொக்டர்?" யாழ்ப்பாணத்துக் கண் கிளினிக்குகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி. பாதி ஒன்றும் போகவில்லை. மேலே உள்ள 6, எழுத்து அட்டையிலிருந்து நீங்கள் இருந்த தூரம்: 6 மீற்றர். கீழே உள்ள 12, குறையில்லாத கண் அதே எழுத்தை வாசிக்கக்கூடிய தூரம். கண்ணாடியின் பவர் வேறு. 6/12 ஐ மட்டும் வைத்துக் கண்ணாடி செய்யமுடியாது. 6/9−2 என்றிருந்தால் அந்த −2 உம் பவர் இல்லை, அந்த வரியில் இரண்டு எழுத்துப் பிழைத்தது என்பதுதான்.

பிழை கூடுதலாக வருவது அளக்கும் விதத்தில். 6/6 வரியின் எழுத்து 8.7 மில்லிமீற்றர் உயரம். அது 6 மீற்றருக்குக் கணக்கிட்டது. அறை சிறிதென்றால் 3 மீற்றரில் முகம்பார்க்கும் கண்ணாடி வைத்துப் பிரதிபலிப்பைக் காட்டுவார்கள். அதுவுமில்லாமல் 4 மீற்றரில் இருத்தி, 6/9 வரியை வாசித்ததும் 6/9 என்று எழுதினால் அது பொய்க்கணக்கு. 4/9 என்றே எழுதவேண்டும்; அது 6/13.5 க்குச் சமம்.

ஒரு கண்ணை விரல்களால் பொத்தினால் இடுக்கால் தெரியும். அழுத்திப் பொத்தினாலோ, பிறகு அந்தக் கண்ணைப் பார்க்கும்போது சற்றுநேரம் மங்கும். உள்ளங்கையைக் குழித்து மூடுங்கள். கண்ணைச் சுருக்கவும் விடக்கூடாது. வலக்கண்ணில் வாசித்த வரி மனதில் நின்றுவிடும். இடக்கண்ணுக்கு அதைப் பின்னிருந்து முன்னாக வாசிக்கச் சொல்லுங்கள். ஆங்கில எழுத்துத் தெரியாத அப்பம்மாவுக்கு, கால் எந்தப்பக்கம் என்று கையால் காட்டும் 'E' அட்டை போதும்.

எந்தக் கண், கண்ணாடியோடா இல்லாமலா என்பதை எழுதாத அளவீட்டை அடுத்தமுறை ஒப்பிடமுடியாது. குறைந்த கண்ணுக்கு ஊசித்துளை அட்டையால் பார்த்த அளவையும் எழுதவேண்டும். துளையால் பார்வை கூடினால் பெரும்பாலும் கண்ணாடி உதவும்; கூடாவிட்டால் கண்புரை, விழித்திரை என்று தேடவேண்டும்.

பவர் துண்டை போனில் வாசித்துக் கண்ணாடிக் கடைக்குச் சொல்வது ஆபத்து. −0.50, −5.00 ஆகிவிடும், பிளஸ், மைனஸ் மாறும். சிலிண்டர் (ஒரு திசைக்கு மட்டும் சேரும் பவர்) இருந்தும் அக்சிஸ் (அதன் கோணம்) விடுபட்டால் வில்லையை எந்தக் கோணத்தில் பொருத்துவது? கணினிப் பரிசோதனைத் துண்டும் இறுதிப் பவர் அல்ல, தொடக்கம்தான். சிறுபிள்ளைகள் கிட்டப் பார்ப்பதுபோலக் கண்ணின் உள்தசையை இறுக்குவதால் அதில் மைனஸ் கூடிக்காட்டும். அதனால்தான் சொட்டுமருந்து விட்டுப் பார்க்கிறார்கள்.

சலரோகக்காரருக்குச் சீனி ஏறி இறங்கும் நாட்களில் பவரும் மாறும். சீனி நிலைப்பட்டுச் சில வாரம் போனபின் அளந்தால், வாங்கிய கண்ணாடி மேசை லாச்சிக்குள் கிடக்காது.